எட்டுத் துவக்குக்கும் எண்ணெய்

நான் ஒரு பெண்கள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. பருத்தித்துறையில் பிறந்து, பருத்தித்துறையிலேயே கலியாணம் கட்டி, பருத்தித்துறையிலேயே விசில் ஊதிக்கொண்டிருப்பவள். வலைப்பந்து, எல்லே, அஞ்சல் ஓட்டம் எல்லாம் பழக்குவேன். நாற்பத்தாறு வயதில் நீ துவக்குச் சுடப் பழகப்போகிறாய் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், உனக்கென்ன விசரோ என்று கேட்டிருப்பேன்.

கடிதம் அதிபரின் மேசைக்குத்தான் வந்தது. தெற்கிலே இருக்கிற ஒரு குறிசுடும் சங்கம், குடாநாட்டு விளையாட்டு ஆசிரியர்கள் எட்டுப் பேருக்கு மார்கழி விடுமுறையில் ஆறு நாள் பயிற்சி தருகிறதாம். காற்றுத் துவக்கு, பத்து மீற்றர், கடதாசி அட்டை. ஆறாம் நாள் சோதனை: இருபது சூடு, இருநூறுக்கு நூற்றைம்பது எடுக்க வேண்டும். எடுக்கிற ஆசிரியரின் பாடசாலைக்கு இரண்டு துவக்கும், ஒரு வருடத்துக்கு வேண்டிய சன்னம் என்கிற ஈயக் குண்டுகளும் கிடைக்கும். எடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இன்னொரு பயிற்சி எப்போது வரும் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதிபர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார்? பாடசாலையில் விசில் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

விசயம் வெளியே வந்ததும் ஆறு பிள்ளைகள் பெயர் தந்தார்கள். அதில் ஒருத்திக்கு இழுப்பு வருத்தம். ஓட ஏலாது. எல்லே அடித்தால் இரண்டாம் கம்பத்தோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். ஐந்து வருடமாக என் விளையாட்டுப் பாடத்தில் மற்றவர்களின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருப்பதுதான் அவளுடைய வேலை. நின்ற இடத்திலேயே நின்று விளையாடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று நான் சொன்ன அன்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு எனக்கு எந்நேரமும் அந்த நூற்றைம்பதின் எண்ணமாகவே போய்விட்டது.

பெற்றோரைச் சம்மதிக்க வைத்ததும் லேசில்லை. துவக்கு என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிப் பாருங்கள், தெரியும். வேறு விளையாட்டே இல்லையா டீச்சர் என்று ஒரு தாய் கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இது காற்றில் வேலை செய்வது, கடதாசிக்கு ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம்தான் வரும், அதற்கு மேல் வந்தால் நான் பொறுப்பு என்று வாய் கிழியச் சொல்லி ஆறு கையெழுத்தும் வாங்கினேன்.

பயிற்சி நடந்தது எங்கள் ஊர்க் கடற்கரையோரம் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில். பயிற்சியாளர் குருநாகல் பக்கத்துப் பிள்ளை, இருபத்தெட்டு வயதிருக்கும். பெரிய போட்டிகளில் சுட்டவள். சிங்களத்தில் யோசித்துத் தமிழில் கதைப்பாள். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள்.

முதல் நாள் ஒரு சன்னம்கூடச் சுட விடவில்லை. ஆளுக்கொரு துவக்கையும் ஒரு திருகாணிச் சாவியையும் தந்து, எல்லா ஆணியையும் பார் என்றாள். நெம்புகோலை இழுத்து வில்லை இறுக்கிச் சுடுகிற பழைய வகைத் துவக்குகள் அவை. ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளே வில் உதறும், உதறினால் ஆணி இளகும், ஆணி இளகினால் குறி போகும். சூடு பிழைத்தால் முதலில் ஆணியைப் பார், பிறகு குறி பார்க்கும் துளையைப் பார், பிறகு சன்னத்தைப் பார், கடைசியாகத்தான் உன்னைப் பார் என்றாள். எனக்கு இது மிகவும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால்கூட முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்.

அவள் இரண்டு சட்டங்களும் போட்டாள். ஒருவரின் துவக்கை மற்றவர் தொடக் கூடாது. தொட்டவர் பயிற்சியை விட்டுப் போகலாம். மற்றது, துவக்கின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்கலாம், உள்ளே ஒன்றும் விடக் கூடாது. நானும் தலையை ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

இரண்டாம் நாள் நான் சுட்ட சன்னமெல்லாம் இடப்பக்கமே போனது. கண் போச்சு, வயது போச்சு என்று நினைத்தேன். பக்கத்து இடத்தில் சுட்டவர் புத்தூரில் ஒரு ஆண்கள் பாடசாலை ஆசிரியர், வெங்காயத் தோட்டக்காரர், வாய்க்காரர். பருத்தித்துறை ஆட்களுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல்தானே, அதுதான் டீச்சருக்குத் திசை தெரியவில்லை என்று பகிடி விட்டார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிடம் முறைத்துக்கொண்டு சுட்டேன். இன்னும் இடப்பக்கம் போனது. கடைசியில் மிஸ் வந்து துவக்கின் மரப் பிடங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். முன் ஆணி அரைவாசி கழன்றிருந்தது. அன்று காலையில் நான் அதைப் பார்க்கவில்லை. இறுக்கிவிட்டுச் சுட்டேன், ஒன்பது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் ஆணிகளை அவசரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே நாட்கள் நன்றாகப் போயின. வீட்டில் தும்புத்தடியின் நுனியில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தூக்கிப் பிடித்துக் கை பழக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் பார்த்து, ஒட்டடையோ டீச்சர் என்று கேட்டாள். ஓம் என்றேன். மூன்றாம் நாள் நூற்று முப்பது எடுத்தேன், நாலாம் நாள் நூற்று நாற்பத்தாறு, ஐந்தாம் நாள் நூற்று ஐம்பத்துநாலு. அந்த அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தேன்.

அந்த ஐந்தாம் நாள்தான் கெடுகாலம் பிடித்தது. வாடைக்காற்று இரண்டு நாளாக விடாமல் அடித்தது. மண்டபத்து யன்னல் கம்பியைத் தொட்டால் கை உப்புக் கரிக்கும். என் துவக்கின் விசைக்குப் பக்கத்தில் மிளகளவு துருப்புள்ளி ஒன்றைக் கண்டேன். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது இவரிடம் சொன்னேன். இவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். எங்கள் கரையில் இரும்பு என்றால் எண்ணெய்; அதற்கு மேல் கேள்வி கிடையாது. எஞ்சினுக்கு, சைக்கிளுக்கு, கேற்றுக் கொளுக்கிக்கு, தேங்காய் துருவுகிற பலகைக்குக்கூடப் பூசுவோம். பூசாமல் விட்ட இரும்பு ஒரு மாரி தாங்காது என்று பிறந்த நாள் தொடக்கம் கேட்டு வளர்ந்த ஆட்கள். இவர் சாப்பாட்டுக் கையோடு எழுந்துபோய், மூக்கு நீண்ட சின்ன எண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதைக் கொண்டுபோம். உப்புக்காத்து சும்மா விடாது. குழலுக்கையும் ரண்டு துளி விடும், உள்ளுக்குத்தான் முதல் துருப்பிடிக்கிறது."

அன்று பின்னேரம் பயிற்சி முடிந்து எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். மண்டபத்தைப் பூட்டுகிற திறப்பு புத்தூர் சேரிடம் இருந்தது. அவர் வாசலில் நின்று போனில் வீட்டுக்காரியோடு வெங்காயத்துக்கு மருந்து அடிப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே என் துவக்குக்கு இரண்டு துளி விட்டேன். விட்டுவிட்டு நிமிர்ந்தால் மற்ற ஏழும் வரிசையாகச் சாத்தியிருந்தன. இந்தக் காற்றில் அதுகளும் துருப்பிடிக்கப்போகுதே என்று எனக்கு அந்தரமாகிவிட்டது. ஏழுக்கும் விட்டேன். இரண்டு துளி போதாது என்று மூன்று நாலு விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலுக்கு விளக்கேற்றிவிட்டு வந்த மாதிரி மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன். சட்டம் இருந்தது ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. அது தெற்கத்தி ஆட்களின் சட்டம், அவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை சோதனை தொடங்கியது. முதலாவது ஆள் புத்தூர் சேர். நாங்கள் ஏழு பேரும் பின்னால் கதிரைகளில் இருந்தோம். இணுவிலிலிருந்து வந்த டீச்சர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறவர், திறந்த சன்ன டின்னை மடியில் வைத்து ஆளுக்கு இருபதாக எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கோயில் பிரசாதம் கொடுப்பது போல எண்ணுவார் என்பதால் அந்த வேலையை அவரிடமே விட்டிருந்தோம். புத்தூர் சேர் மூச்சை இழுத்து, பாதி விட்டு, விசையை அழுத்தினார்.

வெடித்தது. ஸ்டேப்ளர் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே பெரிய சீனவெடி ஒன்றைக் கொளுத்திய மாதிரி வெடித்து, குழலால் புகையும் வந்தது.

நான் கண்ணைத் திறந்தபோது சீமெந்துத் தரையில் முகம் குப்புறக் கிடந்தேன். எப்படிக் கதிரையிலிருந்து இறங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எனக்குப் பக்கத்தில் இணுவில் டீச்சர், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. அவருடைய மடியிலிருந்த டின் கவிழ்ந்து, சன்னங்கள் நாலாபக்கமும் உருண்டோடிக்கொண்டிருந்தன. எட்டுப் பேரும் தரையில். புத்தூர் சேர்கூட. அந்த மனிதன் துவக்கைக் குழல் அட்டைப் பக்கம் பார்க்க மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும்.

நின்றது மிஸ் மட்டும்தான். புள்ளி எழுதுகிற பேனையோடு, ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நாளாக அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: யோசிக்காமல் உடம்பு தானாகச் செய்ய வேண்டும், அதுதான் பயிற்சி. நாங்கள் எட்டுப் பேரும் அவள் வருவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே, சண்டைக் காலத்திலேயே, அப்படி ஒரு பயிற்சியை முடித்தவர்கள் என்று பாவம் அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. பேனையை வைத்துவிட்டு வந்து, இணுவில் டீச்சருக்குப் பக்கத்தில் தரையில் சப்பாணி கட்டி இருந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் மெல்ல எழும்பி, சேலையைத் தட்டி, என்ரை முழங்கால் போச்சு என்று சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பிறகு மிஸ் அந்தத் துவக்கை எடுத்துத் திறந்து மூக்கில் வைத்து மணந்தாள். அடுத்ததை மணந்தாள். எட்டையும் மணந்தாள். அவள் முகம் மாறியது. எண்ணெய் குழலுக்குள்ளும் வில்லுக்குள்ளும் போனால், காற்று இறுகும்போது வருகிற வெப்பத்தில் அது பற்றி வெடிக்குமாம். வெடித்தால் சன்னம் அதன் இஷ்டத்துக்குப் போகுமாம். அட்டையைப் பார்த்தேன். புத்தூர் சேரின் சன்னம் கறுப்பு வட்டத்துக்கு வெளியே, வெள்ளையில் இருந்தது.

நேற்று யார் கடைசி, திறப்பு யாரிடம் என்று மிஸ் கேட்டாள். என்னிடம்தான் என்றார் புத்தூர் சேர். அவ்வளவுதான் சொன்னார். நான் உள்ளே நின்றதை அவர் கண்டவர். வாசலில் நின்று, பருத்தித்துறை டீச்சர் உள்ளே கூட்டிப் பெருக்கிறா என்று வீட்டுக்காரிக்குப் போனில் பகிடி சொன்னது என் காதிலே விழுந்தது. அந்த வாய் இப்போது மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் இருந்தும் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் சட்டப்படி வெளியே. வெளியே என்றால் இரண்டு துவக்கும் இல்லை, அந்த இழுப்புப் பிள்ளை இன்னும் இரண்டு வருடத்துக்குத் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல். வாயைத் திறக்காவிட்டால் இந்த மனிதன் வெளியே. எனக்கு என்னில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எழும்பினேன்.

"மிஸ், எண்ணெய் விட்டது நான். எட்டுக்கும் நான்தான் விட்டனான். சேருக்கு ஒண்டும் தெரியாது."

ஏன் அக்கா என்று கேட்டாள். துருப்பிடிக்கும் என்று என்றேன். அவள் என்னையே பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன், ஸ்டேப்ளரைப் பற்றிச் சொன்னேன், உப்புக்காற்றையும் இவரையும் பற்றிச் சொன்னேன், கேட்காததெல்லாம் சொன்னேன். மற்றவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று பார்த்தால், இணுவில் டீச்சர் மெதுவாக, தன் துவக்கின் விசையிலும் துரு இருந்ததாகவும், தானும் வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்துதான் இருப்பதாகவும் சொல்லிக் கைப்பையைத் திறந்து காட்டினார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், ஏலவில்லை.

ஆனாலும் அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை.

"அக்கா, நீங்க போக வேணாம். ஆனா நீங்கதான் சரி பண்ணணும். எட்டும்."

குழலுக்குள் பஞ்சுத் துண்டை இழுத்து இழுத்துத் துடைக்க வேண்டும். பிறகு உள்ளே மிஞ்சிய எண்ணெய் எரிந்து முடியும்வரை சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு துவக்குக்கும் பதினைந்து, இருபது சூடு. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சுடுங்கோ என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னால் நான் "சுடுறன்" என்று சொல்ல, ஏழு பேரும் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். முதல் சில சூடு வெடிக்கும், பிறகு இருமும், பிறகு அடங்கி ஸ்டேப்ளர் சத்தத்துக்கு வரும். மத்தியானம் ஆகும்போது என் இடது கை மரத்துவிட்டது. தோள் எரிந்தது. எட்டாவது துவக்கு அடங்கியபோது புத்தூர் சேர் கை தட்டினார். அவரைத் திட்ட எனக்குச் சக்தி இல்லை.

ஒவ்வொருவராகச் சோதனைக்கு நின்றார்கள். புத்தூர் சேர் நூற்று அறுபத்தெட்டு. இணுவில் டீச்சர் முழங்காலையும் வைத்துக்கொண்டு நூற்று ஐம்பத்தொன்பது. நான் கடைசி. களைப்பில் பயம்கூட வரவில்லை. ஆணியைப் பார்த்தேன், துளையைப் பார்த்தேன், சன்னத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. ஏழு, எட்டு, எட்டு, ஆறு, ஒன்பது என்று போனது. பத்தொன்பதாவது சூட்டோடு மிஸ் கூட்டிப் பார்த்து நூற்று நாற்பத்தைந்து என்றாள். இன்னும் ஐந்து வேண்டும். கையை நீட்டினேன். டின்னில் ஒன்றும் இல்லை.

எட்டுத் துவக்கையும் அடக்க நானே சுட்டுத் தீர்த்திருந்தேன். காலையில் நசிந்தவை என்று எறிந்தது வேறு. டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். மிஸ் தன் பெட்டியைக் கிண்டினாள். இல்லை. இருபது சூடு சுடாமல் அட்டையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். அவளுடைய பஸ் நாலு மணிக்கு.

புத்தூர் சேர்தான் முதலில் முழங்காலில் இறங்கினார். காலையில் டீச்சருடைய மடியிலிருந்து உருண்டதில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும் என்றார். அடுத்த நிமிடம் எட்டுப் பேரும் தரையில். அலுமாரிக்குக் கீழே ஒருவர் கையை விட்டார், மேசைக்குக் கீழே இன்னொருவர் தவழ்ந்தார். ஒருவர் கறையானைப் பிடித்துவிட்டுக் கத்தினார். மிஸ்ஸும் தலைமுடியை முடிந்துகொண்டு கதிரைகளுக்குக் கீழே படுத்துவிட்டாள். இணுவில் டீச்சரின் தலையும் புத்தூர் சேரின் தலையும் ஒரு மேசைக்கடியில் முட்டிக்கொண்டதும், யார் தொடக்கினார்களோ தெரியாது, சிரிக்கத் தொடங்கினோம். கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். நான் என் வாழ்நாளில் எத்தனையோ தடவை, எத்தனையோ பேரோடு இப்படித் தரையில் கிடந்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு கிடந்தது அன்றைக்குத்தான்.

சன்னம் அலுமாரிக் காலுக்குப் பின்னால் கிடைத்தது. மிஸ் அதை மேசையில் உருட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் உருண்டது. நல்ல நாளில் என்றால் எறியச் சொல்லியிருப்பாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் சுடுறன் என்று சொன்னேன், ஒருவரும் காதைப் பொத்தவில்லை. அழுத்தினேன். மிஸ் கயிற்றை இழுக்க அட்டை எங்கள் பக்கம் வந்தது. ஆறு.

மாசி மாதம் இரண்டு துவக்கும் பாடசாலைக்கு வந்தன. பெற்றோரை மறுபடி கூப்பிட்டு, சத்தம் வந்த கதையையும் அது என் குற்றம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எண்ணெய் விட்டது டீச்சர்தானே, துவக்கு இல்லையே என்று ஒரு தகப்பன் சொல்ல, கூட்டம் சிரிப்போடு முடிந்தது.

முதல் நாள் ஆறு பிள்ளைகளுக்கும் வெறும் துவக்கைப் பிடித்து நிற்கத்தான் பழக்கினேன். சன்னப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இழுப்புப் பிள்ளை துவக்கைத் தோளில் வைத்தாள். கல் மாதிரி நின்றாள். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு தள்ளுத் தள்ளி, பாடசாலை மண்டபத்து இரும்புக் கதவு படார் என்று அடித்தது.

எனக்குத் தெரியும்போது நான் தரையில் இருந்தேன். மேலே பார்த்தேன். ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். துவக்குப் பிடித்திருந்தவளின் குழல்கூட அசையவில்லை. ஒருத்திக்கும் விழத் தெரியவில்லை. எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை யாரிடம் சொல்ல? ஆறு முகமும் கீழே குனிந்து, டீச்சருக்கு என்ன நடந்தது என்று பார்த்தன.

"என்ன டீச்சர், என்னத்தைத் துலைச்சனீங்கள்?"

"சன்னம் ஒண்டு விழுந்திட்டுது பிள்ளை. தேடுறன்."

துவக்கை மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டு இழுப்புப் பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்குச் சன்னப் பெட்டி திறக்கவேயில்லையே, டீச்சர்."

"எண்டாலும் தேடுங்கோ" என்றேன்.